தொடர்வண்டி வாரியத்தில் ஒரு நாற்காலி



நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்தையும் தொடர்வண்டியையும் ஆள்பவர்கள் யார்? கட்டணத்தை உயர்த்துவது, புதிய நிலையம் கட்டுவது, ஒரு வழித்தடத்தை நிறுத்துவது, பழைய பெட்டிகளை மாற்றுவது ஆகியவற்றை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் முடிவு செய்கிறார்கள். அந்தச் சிலரின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உலகின் பெரும்பாலான நகரங்களில் அவர்களை நியமிப்பது ஆட்சியில் உள்ளவர்களே. நியூயார்க்கிலும் இலண்டனிலும்கூட இதுவே வழக்கம்.

அமெரிக்காவின் ஒருசில வட்டாரங்களில் மட்டும் நிலைமை வேறு. அங்கே நாட்டின் அதிபருக்கு வாக்களிக்கும் அதே சீட்டில், பல பெயர்களுக்குக் கீழே, தொடர்வண்டி வாரியத்தின் இயக்குநர் பதவிக்கும் ஒரு கட்டம் இருக்கும். தன் ஊரில் ஓடும் இரயிலை யார் மேற்பார்வையிட வேண்டும் என்று வாக்காளரே குறியிடுகிறார். கொலராடோ மாநிலத்தின் டென்வர் வட்டாரத்தில் அப்படி 15 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா வட்டாரத்தில் 9 பேர்.

அந்த ஒன்பது நாற்காலிகளும் தொடக்கத்திலிருந்தே மக்களுடையவையாக இருந்தவை அல்ல. ஓர் எச்சரிக்கை செவிமடுக்கப்படாமல் போனது. ஒரு வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடியது. அதன் பின்னரே அவை மக்கள் கைக்கு வந்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நீரால் பிரிந்த நகரங்கள்

சான் பிரான்சிஸ்கோ மாநகரம் ஒரு தீபகற்பத்தின் முனையில் இருக்கிறது. வளைகுடாவின் மறுகரையில் ஓக்லாந்து, பெர்க்லி முதலான நகரங்கள் உள்ளன. 1936ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விரிகுடாப் பாலம் இருகரைகளையும் இணைத்தது. அப்பாலத்தின் கீழ்த்தளத்தில் மின்தொடர்வண்டிகளும் ஓடின. ஆனால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒவ்வொரு வீட்டிலும் மகிழுந்து வந்தது. தொடர்வண்டியில் ஏறுவோர் குறைந்தனர். 1958இல் பாலத்தின் மீது ஓடிய தொடர்வண்டிச் சேவை நிறுத்தப்பட்டது. மகிழுந்துகளோ பாலத்தை நிறைத்தன.

இந்நெரிசலுக்குத் தீர்வாகக் கடலடியில் குழாய் அமைத்து விரைவு இரயிலை ஓட்டலாம் என்ற எண்ணம் அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1957ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் ஐந்து கவுண்டிகளை உள்ளடக்கிய ஒரு போக்குவரத்து ஆணையத்தை உருவாக்கியது. அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதனை ‘பார்ட்’ என்றே அழைக்கின்றனர். கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு எனக் கொள்ளலாம்.

ஐந்தில் இரண்டு கவுண்டிகள் விரைவிலேயே விலகிக்கொண்டன. 1961இன் இறுதியில் சான் மட்டேயோ பின்வாங்கியது. 1962இல் மரீனும் வெளியேறியது. எஞ்சிய சான் பிரான்சிஸ்கோ, அல்மீடா, கான்ட்ரா கோஸ்டா ஆகிய மூன்று கவுண்டிகளின் மக்களிடம் 1962 நவம்பரில் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. இத்திட்டத்திற்காக 79 கோடியே 20 இலட்சம் டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா? கடனை அடைக்க மக்களின் சொத்துவரி உயரும். ஒப்புதலுக்கு 60 விழுக்காட்டு வாக்குகள் வேண்டும். மக்கள் அளித்தது 61.2 விழுக்காடு. மிகச் சிறிய இடைவெளியில் திட்டம் பிழைத்தது.

அன்று மக்கள் பணத்திற்கு வாக்களித்தனர். அப்பணத்தைச் செலவிடப் போகும் வாரியத்திற்கு அவர்கள் வாக்களிக்கவில்லை என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். வாரிய உறுப்பினர்களைக் கவுண்டி நிருவாகத்தினரும் நகரத் தலைவர்களும் நியமித்தனர்.

இதே வட்டாரத்தில், இதே காலத்தில், வேறொரு முறையும் இருந்தது என்பது வியப்பிற்குரியது. வளைகுடாவின் கிழக்குக் கரையில் பேருந்துகளை நடத்துவதற்காக 1956ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பின்வழி ஒரு பொது நிறுவனம் அமைக்கப்பட்டது. தனியார் நிறுவனத்திடமிருந்து பேருந்துகளை வாங்கி 1960 அக்டோபரில் அது சேவையைத் தொடங்கியது. அதன் வாரியத்தைத் தொடக்கம் முதலே மக்கள் தேர்ந்தெடுத்தனர். ஆகவே, பேருந்தில் செல்பவருக்குத் தம் இயக்குநரைக் கேள்வி கேட்க வாக்குரிமை இருந்தது. கோடிக்கணக்கில் பணம் விழுங்கும் இரயிலுக்கு அது இல்லை.

தானே ஓடும் வண்டி

1964 ஜூன் மாதத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கட்டுமானப் பணியைத் தொடக்கி வைத்தார். வளைகுடாவின் அடியில் 5.8 கிலோமீட்டர் நீளத்திற்கு, 57 துண்டுகளாகக் குழாயை இறக்கிப் பொருத்தினர். பொறியியலில் இது ஒரு பெரும் சாதனை. ஆயினும் செலவு ஏறிக்கொண்டே போனது. ஏறத்தாழ 100 கோடி டாலரில் முடியும் எனக் கணக்கிடப்பட்ட திட்டம் இறுதியில் 160 கோடி டாலரை எட்டியது. 1969இல் விற்பனை வரியை அரை விழுக்காடு உயர்த்த மாநிலம் இடம்கொடுக்க வேண்டியதாயிற்று.

பார்ட் இரயிலின் பெருமையாகப் பேசப்பட்டது அதன் தானியங்கிக் கட்டுப்பாட்டு முறை. வண்டியின் வேகத்தைக் கணினியே தீர்மானிக்கும், கணினியே நிறுத்தும். வண்டியில் ஒரு பணியாளர் இருப்பார். ஆனால், ஓட்டுவது அவர் வேலையன்று. அவசரம் ஏற்பட்டால் கவனிப்பதற்கே அவர் இருந்தார். இம்முறையை உருவாக்கித் தரும் ஒப்பந்தத்தை 1967இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பெற்றது.

மூன்று பொறியாளர்கள்

ஹோல்கர் ஹ்யோர்ட்ஸ்வாங், ராபர்ட் புரூடர், மேக்ஸ் பிளாங்கன்சீ ஆகிய மூவரும் பார்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்கள். வெவ்வேறு பிரிவுகளில் இருந்த இவர்களுக்கு ஒரே கவலை ஏற்பட்டது. தானியங்கிக் கட்டுப்பாட்டு முறை போதுமான அளவு சோதிக்கப்படவில்லை. ஒப்பந்த நிறுவனத்தின் பணி சரிவரக் கண்காணிக்கப்படவில்லை. இந்நிலையில் பயணிகளை ஏற்றுவது பாதுகாப்பானதன்று என்பதே அக்கவலை.

அவர்கள் முதலில் செய்தது முறையான செயலே. தத்தம் மேலதிகாரிகளிடம் வாய்மொழியாகவும் எழுத்திலும் தெரிவித்தனர். பயனில்லை. 1971 நவம்பரில் கையொப்பமில்லாத ஒரு குறிப்பு நிறுவனத்திற்குள் சுற்றியது. பின்னர் அவர்கள் வாரிய உறுப்பினர்களை நாடினர். டேனியல் ஹீலிக்ஸ் என்ற உறுப்பினர் அவர்களின் கூற்றைப் பொருட்படுத்திக் கேட்டார். வெளியிலிருந்து ஒரு பொறியாளரும் இக்குறைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1972 ஜனவரியில் செய்தி நாளேட்டில் வெளிவந்தது.

பிப்ரவரியில் வாரியம் கூடியது. நிருவாகத்தின் மீது நம்பிக்கை உண்டா, இல்லையா என்பதே அங்கு எழுந்த வினா. 10 பேர் நிருவாகத்தின் பக்கம் நின்றனர். 2 பேர் மட்டுமே எதிர்த்தனர். அடுத்த மாதமே மூன்று பொறியாளர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

இந்த இடத்தில் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். “செய்தியை வெளியே சொன்னது நீங்களா?” என்று மேலதிகாரிகள் கேட்டபோது மூவரும் மறுத்திருந்தனர். அச்சத்தில் சொன்ன அந்தப் பொய், பின்னாளில் அவர்கள் தொடுத்த வழக்கிற்கு இடையூறாக அமைந்தது. நல்ல நோக்கம் கொண்டவர்களும் அச்சத்தால் தடுமாறுவர். ஒரு பணியாளர் மெய்யைச் சொல்வதற்கு அஞ்சும் சூழலை ஏற்படுத்திய நிறுவனத்திற்கு அதில் பங்கில்லையா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

பிரீமாண்ட் நிலையத்தில்

1972 செப்டம்பர் 11ஆம் நாள் பார்ட் தன் முதல் பயணிகளை ஏற்றியது. மக்ஆர்தர் நிலையத்திற்கும் பிரீமாண்ட் நிலையத்திற்கும் இடையே 45 கிலோமீட்டர் தொலைவு, 12 நிலையங்கள். அம்மாதம் 27ஆம் நாள் அதிபர் நிக்சனே வந்து பயணம் செய்து பார்த்தார்.

ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 2ஆம் நாள், பிரீமாண்டை நோக்கி ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. பாதை அங்கே முடிகிறது. வண்டி வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால், கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரு சிறு உறுப்பு பழுதுபட்டதால், ‘மெதுவாகச் செல்’ என்று வர வேண்டிய கட்டளை ‘விரைவாகச் செல்’ என்று மாறிவிட்டது. வண்டி நிலையத்தைக் கடந்தது. பாதையின் முடிவில் இருந்த மணல் தடுப்பைத் தாண்டி, வாகன நிறுத்துமிடத்தின் பக்கமாக முன்புறம் கவிழ்ந்து நின்றது. சிலர் காயமடைந்தனர். நல்வாய்ப்பாக உயிரிழப்பு ஏதும் இல்லை.

அந்த மூவரும் சுட்டிக்காட்டிய அதே பழுதுதான் இது என்று கூறிவிட முடியாது. ஆயினும், ‘இம்முறை முழுமையாகச் சோதிக்கப்படவில்லை’ என்ற அவர்களின் அடிப்படைக் கவலை மெய்யானது. அதன் பிறகு நடந்தது எவருக்கும் வியப்பளிக்கும். உலகின் மிகப் புதுமையான தொடர்வண்டி என்று பறைசாற்றப்பட்ட வண்டிகளை, நிலையங்களில் மனிதர்களை நிறுத்தி, “முன்னால் சென்ற வண்டி அடுத்த நிலையத்தைக் கடந்துவிட்டது, இனி நீங்கள் அனுப்பலாம்” என்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஓட்ட வேண்டியதாயிற்று. கடலடிக் குழாயின் வழியே பயணிகள் சேவை தொடங்க 1974 செப்டம்பர் ஆயிற்று.

நாற்காலி மக்களிடம் வந்தது

விபத்திற்குப் பின் மாநிலச் சட்டமன்றத்தின் பார்வை பார்ட்டின் பக்கம் திரும்பியது. சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளரான ஆலன் போஸ்ட் கடுமையான அறிக்கை ஒன்றை அளித்தார். செலவு மிகுதி, காலத்தாழ்வு, பாதுகாப்புக் குறை என ஒவ்வொன்றாக வெளிச்சத்திற்கு வந்தன. நீண்டகாலம் தலைமை நிருவாகியாக இருந்த பி. ஆர். ஸ்டோக்ஸ் 1974இல் பதவி விலகினார்.

அதே ஆண்டு நவம்பரில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. நியமன வாரியம் முடிவுக்கு வந்தது. மூன்று கவுண்டிகளும் ஒன்பது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஓர் இயக்குநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 1957இல் தொடங்கிய அமைப்பு, தன் வாரியத்தை மக்கள் முன்னிலையில் நிறுத்துவதற்கு 17 ஆண்டுகள் பிடித்தன.

பொறியாளர்கள் என்ன ஆனார்கள்? பல மாதங்கள் வேலையின்றித் துன்புற்றனர். அவர்களின் வழக்கு 1975இல் 75,000 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அதில் ஒரு பெரும்பகுதி வழக்கறிஞர் கட்டணமாகப் போனது. ஐ.இ.இ.இ. எனப்படும் மின்பொறியாளர் கழகம் அவ்வழக்கில் பொறியாளர்களின் கடமையை எடுத்துரைத்து நீதிமன்றத்தில் கருத்துரை அளித்திருந்தது. 1978இல் பொதுநலச் சேவைக்கான விருதையும் மூவருக்கும் வழங்கியது. இன்று பல நாடுகளின் பொறியியல் கல்லூரிகளில் தொழில் அறம் பற்றிய பாடத்தில் இவர்களின் கதை கற்பிக்கப்படுகிறது.

போட்டியிடுவது எப்படி?

இந்நாற்காலிக்குப் போட்டியிடுபவர் அத்தொகுதியில் வாழும் வாக்காளராக இருக்க வேண்டும். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடைபெறாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ பாதிப் பேர் தேர்தலைச் சந்திப்பர். வாரியம் முழுவதும் ஒரே நாளில் மாறி அனுபவம் அற்றுப்போகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு உதவுகிறது.

வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரோ சின்னமோ இராது. வேட்பாளரின் பெயருக்குக் கீழே அவருடைய தொழிலைக் குறிக்கலாம். கலிபோர்னியாவின் விதிப்படி அது பொதுவாக மூன்று சொற்களுக்கு மேல் போகக் கூடாது. ‘பள்ளி ஆசிரியர்’, ‘ஓய்வுபெற்ற பொறியாளர்’ என்பது போல. வாக்காளர் கையேட்டில் 200 சொற்கள் கொண்ட தன்னறிமுகம் ஒன்றை வெளியிடலாம். பல இடங்களில் அதன் அச்சுச் செலவை வேட்பாளரே ஏற்க வேண்டும்.

இப்பணி அவ்வளவு எளிதன்று. மூன்று கவுண்டிகளின் இன்றைய மக்கள்தொகையை ஒன்பதால் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வருகின்றனர். அத்தனை பேரையும் வீடு வீடாகச் சென்று காண எவராலும் முடியாது. அதிபர் தேர்தலின் இரைச்சலுக்கு நடுவே, சீட்டின் அடிப்பகுதியில் உள்ள இப்பதவியைப் பற்றி வாக்காளர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சிலர் அக்கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவர். சிலர் ஏற்கெனவே கேட்ட பெயருக்குக் குறியிடுவர். இதனால் பதவியில் இருப்பவரை அசைப்பது கடினம். எதிர்ப்பவர் எவருமின்றி வெற்றி பெற்றவர்களும் உண்டு.

வேட்பாளர்கள் காலை நேரத்தில் நிலையத்தின் வாயிலில் நின்று துண்டறிக்கை கொடுப்பார்கள். வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர் நின்று கேட்பது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். மறுபுறம், பணமும் பேசுகிறது. 2014ஆம் ஆண்டில், 24 ஆண்டுகள் பதவியிலிருந்த ஜேம்ஸ் பாங் என்பவரைப் புதியவரான நிக் ஜோசபோவிட்ஸ் தோற்கடித்தார். சூரிய ஆற்றல் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜோசபோவிட்ஸ் தம் சொந்தப் பணத்தைப் பெருமளவில் செலவிட்டார். பழையவரை அசைக்க முடியும் என்பது இதில் தெரிந்தது. அதற்கு எவ்வளவு விலை என்பதும் தெரிந்தது.

மகிழுந்து ஓட்ட இயலாத ஒரு வேட்பாளர்

2016ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழாவது தொகுதியில் லத்தீபா சைமன் என்ற பெண்மணி போட்டியிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். வறுமையில் வாடிய இளம்பெண்களுக்காக இளவயதிலேயே உழைத்து, 26ஆம் வயதில், 2003இல், புகழ்பெற்ற மக்ஆர்தர் நல்கையைப் பெற்றவர். அவருக்குப் பார்வை மிகக் குறைவு. சட்டத்தின் கணக்கில் பார்வையற்றவர். ஆகவே அவரால் மகிழுந்து ஓட்ட இயலாது. வேலைக்குச் செல்லவும் குடும்பக் கடமைகளைக் கவனிக்கவும் அவர் நம்பியிருந்தது பொதுப் போக்குவரத்தையே.

வாரிய மேசையில் அமர்ந்து கட்டணத்தைப் பற்றிப் பேசுபவர் வேறு வழியிருந்தும் இரயிலில் ஏறுபவரா, வேறு வழியே இல்லாமல் ஏறுபவரா என்பது பேச்சின் தன்மையை மாற்றிவிடும். மின்தூக்கி பழுதானால் முன்னவருக்கு அது ஒரு புள்ளிவிவரம். பின்னவருக்கோ அது அன்றைய நாள் முழுவதையும் கெடுப்பது.

சைமன் பதவியிலிருந்தவரைத் தோற்கடித்து இயக்குநரானார். 2020இல் வாரியத்தின் தலைவராகவும் விளங்கினார். அவ்வாண்டில் குறைந்த வருமானம் உடையோருக்குக் கட்டணத்தில் 20 விழுக்காடு கழிவு தரும் திட்டத்தில் பார்ட் இணைந்தது. ஆயுதமற்ற பணியாளர்கள் வண்டிகளில் சென்று பயணிகளுக்கு உதவும் ஏற்பாடும் அதே ஆண்டில் தொடங்கியது. 2024 நவம்பரில் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்குச்சீட்டின் அடியிலிருந்த கட்டத்தில் தொடங்கிய பயணம் அங்குவரை சென்றது.

தேர்தல் எல்லாவற்றையும் தீர்த்ததா?

இல்லை என்பதே நேர்மையான விடை. 1979 ஜனவரியில் கடலடிக் குழாயில் ஒரு வண்டி தீப்பற்றியது; தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். 2009ஆம் ஆண்டின் முதல் நாளன்று, புரூட்வேல் நிலையத்தில் ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது இளைஞரைப் பார்ட் நிறுவனத்தின் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். 2013 அக்டோபரில், வேலைநிறுத்தத்தின்போது தடத்தை ஆய்வு செய்துகொண்டிருந்த இருவர் வண்டி மோதி இறந்தனர். இவையனைத்தும் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தின் காலத்தில் நிகழ்ந்தவையே.

அப்படியானால் வேறுபாடு எங்கே உள்ளது? 1972இல் எச்சரிக்கை விடுத்தவர்களுக்கு வாரியத்தின் கதவு மூடியிருந்தது. அப்படி மூடியவர்களை மக்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2009இல் மக்கள் வாரியக் கூட்டத்திற்கே திரண்டு வந்து முகத்துக்கு நேராகக் கேட்டனர். அடுத்த தேர்தலில் அம்மக்களிடமே வாக்குக் கேட்டு நிற்க வேண்டிய இயக்குநர்கள் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அதன் விளைவாகக் காவலரின் நடத்தையை விசாரிக்கத் தனித் தணிக்கையாளர் அலுவலகமும் குடிமக்கள் மீளாய்வுக் குழுவும் அமைக்கப்பட்டன. போன உயிர் திரும்பவில்லை. ஆனால், கேட்க ஓர் இடம் இருந்தது.

2016இல் பழுதுபட்ட தடங்களையும் மின்கருவிகளையும் சீரமைக்க 350 கோடி டாலர் கடன் பத்திரத்திற்கு மக்களிடம் ஒப்புதல் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இசைந்தனர். தங்கள் குரல் செல்லுபடியாகும் இடத்தில் மக்கள் பணம் தரவும் தயங்குவதில்லை போலும்.

நம் நாட்டு நினைவு

இதைப் படிக்கும்போது, ‘இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன?’ என்று தோன்றலாம். மலாயாவில் போருக்குப் பிந்திய முதல் தேர்தல் நாடாளுமன்றத்திற்காக நடந்ததன்று. 1951 டிசம்பர் முதல் நாள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகராட்சிக்காகவே அது நடந்தது. அந்த நகராட்சி மின்கம்பி வழிப் பேருந்துகளைத் தானே நடத்தியது. 1961 வரை அவை ஓடின. அதாவது, தாங்கள் ஏறும் பேருந்தை நடத்தும் மன்றத்திற்கு நம் தாத்தா பாட்டி தலைமுறையினர் வாக்களித்திருக்கிறார்கள்.

1965இல், இந்தோனேசியாவுடனான மோதலின்போது, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் அத்தேர்தல்களை மீண்டும் நடத்தலாம் என்றே பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகின்றனர். இதன் நன்மை தீமைகளைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் உண்டு. அவ்வாதத்தை இங்கே நீட்டிக்க நான் விரும்பவில்லை. அப்படியொரு காலம் இருந்தது என்பதையாவது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

வகுப்பறைக்கும் வீட்டிற்கும்

பார்ட் வாரியத்தின் வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? நியமனம் என்றால் தீமை, தேர்தல் என்றால் நன்மை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நியமிக்கப்பட்ட வாரியத்திலும் செவிமடுத்தவர் இருவர் இருந்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்திலும் தவறுகள் நடந்தன. ஒரு நாற்காலியின் மதிப்பு, அதில் அமர்பவர் கீழே இருந்து வரும் குரலைக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தது. அவர் கேட்க மறுத்தால் அவரை மாற்றும் வழி மக்களிடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. முன்னது பண்பு, பின்னது முறை. இரண்டும் வேண்டும்.

பெற்றோர்களே, நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் சில நாற்காலிகள் உள்ளன. ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு எத்தனை பேர் வருகின்றனர்? பொறுப்புகளுக்குப் பெயர் முன்மொழியும் வேளையில் எத்தனை பேர் தலையைக் குனிந்துகொள்கின்றனர்? பள்ளிப் பேருந்து நேரத்திற்கு வரவில்லை, சிற்றுண்டிச்சாலை உணவு சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் வருந்துவதைக் காட்டிலும், அதை முடிவு செய்யும் மேசையில் ஓர் இடம் கேட்பது பயன் தரும்.

ஆசிரியர்களே, நன்னெறிக் கல்வியிலோ வரலாற்றிலோ குடியியல் பகுதி வரும்போது இப்பயிற்சியைச் செய்து பார்க்கலாம். வகுப்பு நூலகப் பொறுப்பாளர் பதவிக்கு விருப்பமுள்ள மாணவர்கள் போட்டியிடட்டும். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி மூன்று சொற்களும், செய்ய விரும்புவதைப் பற்றி ஐம்பது சொற்களும் எழுதட்டும். தேர்தல் முடிந்து ஒரு மாதம் சென்றபின், வென்றவரை வகுப்பின் முன் நிறுத்தி, “சொன்னதில் எதைச் செய்தாய்? எதைச் செய்ய இயலவில்லை? ஏன்?” என்று மற்ற மாணவர்கள் பணிவோடு கேட்கட்டும். குறிப்பாக, வாய் திறக்கத் தயங்கும் பின்வரிசைப் பிள்ளை ஒரு குறையைச் சொன்னால் அதை வென்றவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விதி வையுங்கள்.

வாக்களிக்கும் பகுதியைப் பிள்ளைகள் ஆரவாரத்தோடு செய்வார்கள். கடினமானது, ஒரு மாதம் கழித்து வரும் அந்தக் கேள்வி நேரம். அதற்கு மறவாமல் நாள் குறித்து வையுங்கள்.